இனிஷியல் கடலேறிய கதை

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்று, பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை காற்றில் ஒதுங்குகிற நேரமாகப் பார்த்து எட்டினால் கடல் தெரியும். வீட்டை விற்ற புரோக்கர் இதைத்தான் 'சீ வியூ' என்றார். அந்த இரண்டு வார்த்தைக்காக நான் கூடுதலாகக் கொடுத்த தொகையை இன்றுவரை என் மனைவிக்குச் சொல்லவில்லை. கோவளத்துக்குக் குடிவந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. தண்ணீரோடு எனக்கு ஏற்பட்ட நேரடித் தொடர்பு ஒரே ஒரு தடவைதான். முட்டுக்காடு படகுத்துறையில் மிதிபடகில் ஏறினேன். அது கடல்கூட இல்லை, உப்பங்கழி. எட்டாவது நிமிஷமே காலையில் சாப்பிட்ட பொங்கல் வெளியே வந்துவிட்டது. மிச்ச தூரத்தை மனைவியும் பையனும் மிதித்து என்னைக் கரைசேர்த்தார்கள்.

அந்தப் பையன்தான் பிளஸ் டூ முடித்த கையோடு, "மெர்ச்சன்ட் நேவி போறேம்ப்பா" என்றான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் பஸ் ரூட் செய்த வேலை. எங்கள் ஊரிலிருந்து ஈசிஆரில் வடக்கே போனால் கானத்தூரில் அமெட் என்கிற கடல்சார் கல்வி நிறுவனம். இன்னும் கொஞ்சம் போனால் உத்தண்டியில், 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். வெள்ளைச் சட்டையும் தோள்பட்டைக் கோடுமாகப் பையன்கள் மடிப்புக் கலையாமல் நிற்கிற காட்சியைச் சின்ன வயசிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தவன். நான் ஆபீஸ் போகிற கோலத்தையும் அதே வயசிலிருந்துதான் பார்த்தான். ஒப்பிட்டிருப்பான்.

"படிப்பை நீ பாத்துக்கோ. பேப்பர் வேலையெல்லாம் என்கிட்ட விட்டுடு" என்றேன்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருந்தது. தாம்பரம் பக்கம் ஓர் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து, ரிட்டயர் ஆகி மூன்றே மாதம் ஆகியிருந்தது. மனுக்களை வாங்குகிற வேலை என்று அதற்குப் பெயர். உண்மையில் திருப்புகிற வேலை. மனுவைக் கையில் வாங்கும்போதே எடையை வைத்து, இதில் எந்தத் தாள் இல்லை என்று சொல்லிவிடுவேன். எல்லாத் தாளும் இருந்துவிட்டால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இனிஷியல் ஒத்துவரலையே" என்பேன். அதற்குமேல் யாரும் பேசியது கிடையாது.

கப்பலில் ஏற பாஸ்போர்ட் இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். போதாது. சிடிசி என்று ஒரு புத்தகம் வேண்டும். எந்தக் கப்பலில் எந்தத் தேதியில் ஏறினான், எந்தத் துறைமுகத்தில் இறங்கினான் என்று பக்கம் பக்கமாகப் பதிகிற பணிப்புத்தகம். அதற்கு முன்னால், மாலுமிகளின் தேசியப் பதிவேட்டில் ஆளுக்கு ஒன்றாகத் தருகிற இண்டோஸ் எண். அதற்குத் துணையாக மருத்துவச் சான்று, நிறக்குருடு இல்லை என்கிற கண் பரிசோதனை, கடலில் விழுந்தால் பிழைப்பது எப்படி, தீயை அணைப்பது எப்படி, முதலுதவி என்று தனித்தனிப் பயிற்சிகளும் தனித்தனிச் சான்றிதழ்களும். இவ்வளவும் ஏறுவதற்குத்தான். ஏறி, தேவையான மாதங்கள் கடலில் கழித்து, எழுத்துப் பரீட்சையும் 'ஆரல்ஸ்' என்று எல்லாரும் நடுங்கிச் சொல்கிற வாய்மொழித் தேர்வும் தாண்டினால்தான் சிஓசி, அதாவது அதிகாரிக்கான லைசென்ஸ். பட்டியலைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை தாள் கேட்கிற ஒரு துறை இருப்பது தெரியாமல் வாழ்க்கையை வீணடித்துவிட்டேனே!

எங்கள் தெருக்கோடியில் ஒரு ரிட்டயர்டு சீஃப் இன்ஜினியர் இருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் அவர் கப்பல்காரர். அவர் காலத்தில் எல்லாம் நேரில்தான். ராஜாஜி சாலை ஆங்கர் கேட் கட்டடம்தான் வணிகக் கப்பல் துறைக்கு மெட்ராஸில் வாசல். தென்கோடியிலிருந்து வருகிற பையன்கள் மண்ணடியில் ரூம் போட்டு, காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நிற்பார்களாம். சாயங்காலம் பர்மா பஜாரில் வேடிக்கை பார்ப்பார்களாம். "இப்ப என்ன சார், எல்லாம் ஆன்லைன். வீட்ல உக்காந்தே முடிச்சிடலாம்" என்றார். வீட்டில் உட்காரப் போவது நான் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் தன் பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினார். அட்டை விரலுக்குப் பதமாக நைந்திருந்தது. ஓரங்களில் எண்ணெய்க் கறை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ரப்பர் ஸ்டாம்ப்பில் இரண்டு ஆங்கில எழுத்து: 'விஜி'. மிக நன்று என்று அர்த்தமாம். வேலைத் திறமைக்கு ஒன்று, நடத்தைக்கு ஒன்று. பிரிட்டிஷ்காரன் காலத்துப் பழக்கம். கப்பலில் வம்பு செய்தவனுக்கு மோசம் என்று எழுத மாட்டார்களாம். 'டிஆர்' என்று குத்திவிடுவார்களாம். "கருத்துச் சொல்ல விரும்பவில்லை" என்று பொருள். அதோடு அவன் பிழைப்பு முடிந்தது. அடுத்த கப்பலில் யாரும் ஏற்ற மாட்டார்கள்.

இந்த நாகரிகம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தை விளக்கி, "முப்பது வருஷ சர்வீசுக்கு எனக்கு என்ன குத்துவே? திறமைக்கு ஒண்ணு, நடத்தைக்கு ஒண்ணு" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, ஸ்டாம்ப் விழுந்துவிட்டது என்று.

இப்படிச் சோதித்து, எழுதிவைத்து, முத்திரை குத்தி ஆள் எடுப்பது கப்பலில் ஆதியிலிருந்து இருந்ததில்லையாம். பிரிட்டனில் 1850இல் சட்டம் வந்த பிறகுதான் வெளிநாடு போகிற கப்பலின் கேப்டனும் அவருக்கு அடுத்த 'மேட்' அதிகாரிகளும் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று ஆயிற்று. அதுவரை கேப்டன் ஆவதற்குக் கப்பல் முதலாளிக்கு மச்சான் முறை ஆனாலே போதும். அப்புறமும் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டத்துக்கு ஒரு தரம் வைத்துக்கொண்டது. 1967இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கில் பாறைமேல் ஏறி, லட்சம் டன்னுக்குமேல் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகம் பூராவும் ஒரே அளவுகோல் வேண்டும் என்ற பேச்சு அதற்கப்புறம் வலுத்து, 1978இல் எஸ்டிசிடபிள்யூ ஒப்பந்தம் வந்தது. என் பையன் ஒவ்வொரு சான்றிதழிலும் மந்திரம்போல் சொல்கிற அந்த நான்கெழுத்துக்குப் பின்னால் இப்படி ஒரு பாறை இருக்கிறது.

என் பாறை, விண்ணப்பத்தின் இரண்டாவது கட்டத்தில் இருந்தது. 'சர்நேம்.'

தமிழனுக்கு ஏது சர்நேம்? பெயர் ஒன்று, முன்னால் அப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்று, தீர்ந்தது. அந்த எழுத்தை நாம் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கு அப்புறம் யோசித்துப் பார்த்ததே கிடையாது. பையனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருந்தது. ஆதாரில் பின்னால் இருந்தது. பாஸ்போர்ட்டில் நானே உட்கார்ந்து, கம்பீரமாக இருக்கட்டும் என்று, இனிஷியலை விரித்து என் முழுப்பெயரையும் சர்நேம் கட்டத்தில் போட்டிருந்தேன். மூன்று காகிதத்தில் மூன்று பையன். மூன்று பேரும் என் பிள்ளைகள். முப்பத்தொரு வருஷமாக மற்றவர்கள் முகத்தில் நான் பார்த்து ரசித்த அந்த வெளிறலைக் கம்ப்யூட்டர் திரையின் பிரதிபலிப்பில் என் முகத்தில் பார்த்தேன். ஆதாரைத் திருத்த அலைந்தேன், மார்க் ஷீட்டுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதினேன். கேளம்பாக்கத்தில் வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற பெரியவர், "உங்கள எங்கேயோ பாத்திருக்கேனே" என்றார். நான் வரிசையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அடுத்தது கையெழுத்து. வெள்ளைத் தாளில் விண்ணப்பதாரர் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். தாளை எடுத்தேன், போட்டேன், ஏற்றினேன். எல்லாம் முடிந்து பெருமையோடு பையனுக்குத் திரையைக் காட்டினேன்.

"அப்பா, இது உங்க சைன்."

வெள்ளைத் தாளைக் கண்டால் என் கை யாரையும் கேட்காது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். நல்லவேளை, அனுப்புகிற பொத்தானை அமுக்கவில்லை. புகைப்படத்தில் வேறு விதமாகப் பிழைத்தேன். குறிப்பிட்ட அளவுக்குள் சுருக்க வேண்டும் என்றிருந்தது. நான் சுருக்கிய சுருக்கில் பையன் முகம் கரும்புச் சாற்று மெஷினில் இரண்டு தடவை போய் வந்ததுபோல் ஆயிற்று. கோவளம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடைப் பெண் ஐந்தே நிமிஷத்தில், பத்து ரூபாயில் சரிசெய்தாள். நான் ஏற்கெனவே எல்லாவற்றுக்கும் மூன்று செட் நகல் எடுத்து, பழைய நண்பர் ஒருவரைப் பிடித்துப் பச்சை மையில் அட்டெஸ்ட் வாங்கி, அசலை லேமினேட்டும் செய்து வைத்திருந்தேன். "இதெல்லாம் யாரும் கேக்கலியே அங்கிள்" என்றாள். 2025 ஜனவரி 1 முதல் இந்த எஸ்டிசிடபிள்யூ சான்றிதழ்கள் மின்னணு வடிவில் இருந்தாலே செல்லும் என்று உலக விதியே மாறிவிட்டது. 1958ஆம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய சட்டம் என்னைவிட ஐந்து வயது மூத்தது. அதன் வருத்தம் எனக்குப் புரிகிறது.

எதிர்வீட்டு மீனவ அண்ணன் திண்ணையில் வலை பின்னிக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். மாலுமிகளுக்கு இப்போது சிப் பதித்த அடையாள அட்டை வருகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2003இல் ஒப்பந்தம் போட்டபோது விரல்ரேகை என்றுதான் இருந்தது. 2016இல் அதை முகத்துக்கு மாற்றினார்கள். இந்தியா 2019இல் முகத்தை வைத்தே அட்டை கொடுக்கத் தொடங்கியது என்று அவருக்குச் சொன்னேன். அவர் இரண்டு கட்டைவிரலையும் என் முன்னால் நீட்டினார். கயிறு அறுத்து அறுத்து, ரேகை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கூழாங்கல்போல் வழவழவென்றிருந்தது. "ரேஷன் கடை மெஷின்ல எங்க வீட்டம்மா வந்து வெச்சாத்தான் சார் அரிசி. மூஞ்சின்னா தேயாது பாரு, நல்ல ஐடியா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நம்ம பையனுக்கு எத்தினி சர்ட்டிபிகேட்டு?" என்றார். விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். "எங்கப்பன் என்னைக் கட்டுமரத்துலேர்ந்து தள்ளிவுட்டாரு. நீஞ்சி வந்தேன். அவ்ளோதான் பரீட்சை" என்று மறுபடி ஊசியை எடுத்தார்.

பையன் படிக்கும்போது நானும் துணைக்கு உட்கார்ந்தேன். கடலில் மோதலைத் தவிர்க்கிற விதிகளைக் கேள்வி கேட்பது என் பொறுப்பு. குறுக்கே வருகிற இரண்டு என்ஜின் கப்பல்களில், எது மற்றதைத் தன் வலப்பக்கம் காண்கிறதோ அது ஒதுங்கி வழிவிட வேண்டும். எவ்வளவு மரியாதையான விதி! அதை மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் ஸ்கூட்டரில் கோவளம் முனையில் ஈசிஆரைக் கடக்கும்போது நடைமுறைப்படுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் தெரிந்த வாகனத்துக்கெல்லாம் வழிவிட்டதில் இருபது நிமிஷம் அங்கேயே நங்கூரம் போட்டதுபோல் நின்றேன். பின்னால் நின்ற தண்ணீர் லாரிக்காரர் சொன்ன விதி வேறு.

எப்படியோ சிடிசி வந்தது. பையன் கேடட்டாகக் கப்பல் ஏறினான். விமான நிலையத்தில் அவன் அம்மா அழுதாள். நான் அவன் பையில் லேமினேட் செய்த செட்டைச் செருகினேன்.

என் வேலை அதோடு தீரவில்லை. விண்ணப்பத்தில் மொபைல் எண் என்ற கட்டத்தில், பிள்ளைக்கு எதற்குத் தொல்லை என்று என் எண்ணைக் கொடுத்திருந்தேன். அடுத்த பயிற்சிக்குப் பதிய, எதற்காவது உள்ளே நுழைய, எல்லாவற்றுக்கும் ஓடிபி என் போனுக்குத்தான் வருகிறது. அவன் பிரேசிலில் சாண்டோஸ் துறைமுகத்தில் சாயங்காலம் டீ குடித்துவிட்டு உட்காருவான். கோவளத்தில் அப்போது நடுராத்திரி. கண்ணாடியைத் தேடி, ஆறு எண்ணைப் படித்து, பதற்றத்தில் இரண்டை மாற்றிச் சொல்லி, காலாவதியாகி, மறுபடி வரவழைத்து... உலகத்தின் ஒரு பெரிய சரக்குக் கப்பல் என் மூக்குக்கண்ணாடிக்காகக் காத்திருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். "மொதல்ல லைட்டை அணைங்க" என்றாள்.

போன வாரம் வீடியோவில் வந்தான். முகமெல்லாம் கரி. நிலக்கரி இறக்கிவிட்டு அடுத்து தானியம் ஏற்ற வேண்டுமாம். அதற்குள் சரக்குக் கிடங்கைத் துடைத்துக் கழுவ வேண்டுமாம்.

"உன்னை எப்படிடா கூப்பிடறாங்க அங்க?" என்று கேட்டாள் அவன் அம்மா.

"சர்நேம்தாம்மா. அப்பா பேரைச் சொல்லித்தான். காலையில ஸ்பீக்கர்லயே கத்துவாரு சீஃப் ஆபீசர், ஹோல்டு கழுவ வாடான்னு."

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏற்கெனவே போதுமான துறைமுகங்களில் அது அடிபட்டாகிவிட்டது. என் மனைவியும் அதைச் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து 'ஏங்க'தான். ஆனால் அன்றைக்கு முழுதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். ராத்திரி சாப்பாடு முடிந்து நான் ஈஸிசேரில் சாய்ந்தபோது அடுக்களையிலிருந்து சத்தம் வந்தது.

"ஏங்க, அங்க ஒரு தடவை கூப்பிட்டா உடனே ஓடிப்போய்க் கழுவறாராமே? இங்க சிங்க்கு நெறஞ்சு கெடக்கு."