சுவரும் மூச்சு விடும்

கேள்வி: எங்கள் ஊர் பழைய தேவாலயத்தின் உட்சுவரில் எத்தனை முறை பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலும் உரிகிறதே, ஏன்?
— வாசகி, புத்தூர், ஆந்திரா

பதில்: சுண்ணாம்புச் சுவருக்கு மழைக்கோட்டு மாட்டிவிட்டு ஏன் வியர்க்கிறது என்று கேட்கிறீர்கள்! உள்ளே ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறது. முதலில் அதைச் சுரண்டி எடுங்கள், மெதுவாக. அடியில் பழைய காவியோ நீலமோ தென்பட்டால் கையை நிறுத்திப் படம் எடுத்து வையுங்கள். அது உங்கள் கோயிலின் அசல் நிறமாக இருக்கலாம். பிறகு நன்றாக ஊறிய சுண்ணாம்பை வடிகட்டி, மோர்ப் பதத்தில் கரைத்து, ஈரச்சுவரில் மெல்லிசாக மூன்று நான்கு கை அடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கல்லாக இறுகும். நிறத்துக்குக் காவி போதும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும்.

சுண்ணாம்பின் அருமை தெரிய ஒருமுறை சென்னை எழும்பூருக்குப் போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கைப் பாருங்கள். 1821-இல் திறந்த ஆலயம். 16 தூண்கள் தாங்கும் குவிமாடத்தின் உட்புறம் கருநீல வானம், அதில் விண்மீன்கள். அண்ணாந்தால் கழுத்து வலிக்கும், பரவாயில்லை. அந்தக் காலத்துச் சென்னைக் கொத்தனார்கள் கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் தயிரும் நெய்யும் சேர்த்தரைத்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளிங்காக்கினார்கள். செட்டிநாட்டில் அந்தக் கை இன்னும் இருக்கிறது. ஒப்பந்தக்காரரைத் தேடுமுன் செட்டிநாட்டுக் கொத்தனார்களைத் தேடுங்கள்.