ஆங்கிலத்தைத் தணிக்கை செய்கிறவர்

அபிராமபுரத்தின் எண்ணிட்ட தெருக்களில் ஏதேனும் ஒன்றில், காலை ஏழு மணிக்கு, டபராவில் காபி ஆறிக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் மறுபடி மூக்குக்கு இறக்கியும், ஆங்கிலப் பத்திரிகையின் வர்த்தகப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடிட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெரியவரைக் காண நேர்ந்தால், பங்குச் சந்தையில் பணம் போட்டவர் என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது. தேனாம்பேட்டை ஏ.ஜி. ஆபீஸில் ஆயுளின் பெரும்பகுதியைப் பிறர் செலவைத் தணிக்கை செய்வதிலேயே கழித்து, ஓய்வு பெற்றபின் தணிக்கைக்கு வேறொன்றும் அகப்படாமையால், ஆங்கில பாஷையை எடுத்துக்கொண்டவர் அவர். அதிலும் முழு பாஷையை அல்ல. பணத்தைப் பற்றி அது பேசும் பேச்சை மட்டும்.

இந்த ரகத்துப் பெரியவர்களுக்கு இலக்கணத்தில் குறை சொல்ல இடமே கிடையாது. ரென் அண்ட் மார்ட்டினை நித்திய பாராயணம் செய்தவர்கள். எழுவாயும் பயனிலையும் சண்டையின்றிக் குடித்தனம் செய்கின்றனவா என்று பார்ப்பதில் இவர்களை வெல்ல லண்டனிலேயே ஆள் கிடைப்பது கஷ்டம். பணம் என்று வந்துவிட்டால்தான் உபத்திரவம். பணம் கணக்குக்குரிய வஸ்து, கணக்கில் அலங்காரம் கூடாது என்பது இவர்களுடைய சித்தாந்தமாகையால், வீடு வாங்கியதில் ஒரு கையும் ஒரு காலும் போயிற்று என்று ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருந்தால், எந்தக் கை, ரசீது எங்கே என்று ஓரத்தில் குறிப்பெழுதாமல் நம் பெரியவருக்கு மேலே வாசிக்க ஓடாது.

அவருடைய பிள்ளை பெங்களூரில் சொந்தமாகக் கம்பெனி வைத்து, சில வருஷங்கள் நஷ்டத்தில் உழன்றபின், ஓர் இரவு டெலிபோனில் உற்சாகமாக, "அப்பா, ஒருவழியா வீ ஆர் இன் தி பிளாக்!" என்றான். லாபத்தைக் கறுப்பு மசியிலும் நஷ்டத்தைச் சிவப்பு மசியிலும் எழுதிவைத்த மேல்நாட்டுக் கணக்கப்பிள்ளைகளின் பழக்கத்திலிருந்து வந்த வழக்கு அது. ஆனால் கறுப்பு என்றால் வருமான வரிக்காரர் கண்ணில் படாமல் மெத்தைக்கடியில் பதுங்கும் பணம் என்றே அறிந்த தேசத்தில் பிறந்து, பேனா நிப்புக்குக்கூட ரசீது வைத்திருந்த மனிதருக்கு, தம் வயிற்றில் பிறந்தவன் அதைப் பெருமையுடன் பிரகடனம் செய்ததைக் கேட்டபின் தூக்கம் எப்படி வரும்? பொழுது விடிந்ததும் விடியாததுமாக அடுத்த வீட்டு ஆடிட்டரை எழுப்பி, பையனை ரெய்டிலிருந்து காப்பாற்ற உபாயம் கேட்டார். அவர் சிரித்துவிட்டு விஷயத்தை விளக்கிய பிறகும் பெரியவருக்குப் பாதித் திருப்திதான். தர்மத்தை நிலைநாட்டுவதற்கென்றே தாம் உபயோகித்துவந்த சிவப்பு மசியை நஷ்டத்துக்கு அடையாளமாக்கியது இலாகாவுக்கே அவமரியாதை என்பது அவர் கட்சி.

"ஏன்னா, பிள்ளைக்கு லாபம் வந்தா சந்தோஷப்படாம, ராத்திரி பூரா வெள்ளையா கறுப்பான்னு புலம்பினேளே! கையைக் கடிக்காம வியாபாரம் நடந்தாப் போறாதோ?" என்றாள் மாமி. "அதென்னவோ வாஸ்தவம்தான்" என்று அவர் ஒப்புக்கொண்டார். கடிப்பதற்குப் பணத்துக்குப் பல் ஏது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. சீட்டுக் கம்பெனிக்காரன் மஞ்சள் கடுதாசி கொடுத்து, போட்ட பணத்துக்குப் பட்டை நாமம் சாத்திவிட்டான் என்று எதிர்வீட்டார் அழுதபோதும், வடகலையா தென்கலையா என்று இவர் விசாரித்ததாகத் தகவல் இல்லை. சொந்த பாஷைக்குத் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு போலும்.

லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஆக்ஸ்போர்டுக்குக் காரில் புறப்படும் தருணத்தில், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி, ஒரு பென்னி செலவழிக்க வேண்டுமா என்று பரிவுடன் விசாரிக்க, அனாவசியச் செலவு தமக்குப் பழக்கமில்லை என்று கம்பீரமாக மறுத்துவிட்டார். காசு போட்டால்தான் கதவு திறக்கும் பொதுக் கழிப்பிடங்கள் அந்நாட்டில் இருந்த காலத்து இடக்கரடக்கல் அது என்பதைப் பாதி வழியில்தான் அவர் அறிய நேர்ந்தது. உறவுக்காரப் பையன் ஒருவனுக்கு வரன் பார்க்கையில், குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போடுகிறவன் என்பதை, பன்றியிறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவருகிறவன் என்ற ஆங்கில சம்பிரதாயப்படி எழுதியனுப்பி, கும்பகோணத்திலிருந்து ஜாதகம் மறு தபாலில் திரும்பி வந்த விருத்தாந்தம் மாமியின் முன்னிலையில் பேசத் தகாதது.

லஸ் முனை நடைபாதையின் பழைய புத்தகக் குவியலிலிருந்து 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி கைக்கு வந்த பிறகுதான் அவருக்குச் சுக்கிர தசை ஆரம்பித்தது. யூலும் பர்னெலும் தொகுத்து 1886-இல் வெளியானது அது. பர்னெல் நம் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்து, அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அந்த அகராதியில் 'பகோடா மரம்' என்று ஒரு பதிவு. பெரியவர் உரக்கப் படித்ததும், வெங்காயம் நறுக்க வேண்டுமோ என்று மாமி எட்டிப் பார்த்தாள். தின்பண்டமல்ல, கம்பெனியார் நாளில் சென்னையில் புழங்கிய நம் பொன் வராகனுக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர். வராகனுக்கு 42 பணம், பணத்துக்கு 80 காசு என்பது அக்காலத்துச் சென்னைக் கணக்கு. 1818-இல் ரூபாய் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவுக்குப் போய் மரத்தை உலுக்கினால் வராகன் உதிரும், பொறுக்கிக்கொண்டு ஊர் திரும்பலாம் என்பது தாத்பரியம். இந்தியாவைக் காட்டிலும் இங்கிலாந்திலேயே இவ்வழக்கு அதிகம் என்று அகராதி ஒப்புக்கொள்கிறது. உலுக்கப்பட்டவர்களிடமே அதைச் சொல்லிக்காட்ட நாகரிகமுள்ளவர்களுக்குக் கூசாதா?

ஓர் ஆங்கில வழக்குக்கு வாழ்நாளில் முதன்முறையாக வவுச்சர் அகப்பட்டுவிட்டது. 1698 முதல் 1709 வரை நம் கோட்டையில் கவர்னராயிருந்த தாமஸ் பிட் 48,000 வராகனுக்கு ஒரு வைரத்தை வாங்கி, 1717-இல் பிரெஞ்சு ராஜப்பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்கு விற்றதையும், அது இன்று பாரிஸ் லூவர் காட்சிசாலையின் சொத்தாகச் சுகமாக இருப்பதையும் கண்டுபிடித்து, நூறு வராகனுக்கு 350 ரூபாய் வீதம் முதலை 1,68,000 ரூபாய் என்று கட்டி, லாபத்தில் சென்னைக்குச் சேரவேண்டிய பாகத்தைக் கோரி, பிரிட்டிஷ் துணைத் தூதரகத்துக்குத் தணிக்கைத் தடை ஒன்று தயாரித்துவிட்டார். தனி வட்டியா கூட்டு வட்டியா என்பது மட்டும் நாகேஸ்வர ராவ் பூங்கா பெஞ்சில் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. காலவரம்புச் சட்டம் குறுக்கே நிற்குமே என்று இழுத்த ஓய்வு பெற்ற ஜட்ஜுடன் பெரியவருக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.