நத்தைக் கோழை நூலியல்: ஜொகூர் மாநிலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

களம்

ஆய்வுக் கட்டுரையின் தலைப்பில் 'முன்வைத்து' என்ற சொல் இருந்தே ஆக வேண்டும் என்பது மரபு. முன்வைத்ததைப் பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதும் மரபு. இக்கட்டுரை முன்வைப்பது ஒரு குப்பி. ஜொகூர் பாருவின் பேரங்காடிகளிலும் ஸ்கூடாய், மாசாய், கூலாய் கடைவரிசைப் பார்மசிகளிலும் கண்ணுக்கு நேரான தட்டில் நிற்பது. உள்ளே வடித்த கஞ்சியின் நிறத்தில், கஞ்சியைவிடப் பிடிவாதமான ஒரு திரவம். கொரியாவின் கோஸ்ஆர்எக்ஸ் நிறுவனம் விற்கும் இந்த எசென்ஸின் பெயரிலேயே '96' உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு நத்தைச் சுரப்பின் வடிநீர் என்று பொருள்.

அந்தக் குப்பி வாழும் வீட்டின் வாசலில், மழை விட்ட இரவில், செம்பருத்திச் செடியில் ஏறும் நத்தைக்கு உப்புப் பொட்டலம் காத்திருக்கிறது. நத்தைமேல் உப்பைத் தூவிய கையே உள்ளே போய்க் கழுவிக்கொண்டு நத்தையைக் கன்னத்தில் தடவுகிறது. நடுவே எட்டடித் தூரம்தான். அந்த எட்டடியில் நத்தைக்கு என்ன பதவி உயர்வு கிடைத்தது என்பதே ஆய்வுச் சிக்கல்.

சொல்லாய்வு

நத்தை விடுவதற்குத் தமிழில் கோழை, சளி, வழும்பு எனப் பல பெயர்கள் உள்ளன. இவற்றுள் எதையும் குப்பியில் அச்சிட்டு விற்க முடியாது. 'மியூசின்' என்றால் விற்கலாம். மியூசின் என்பதன் வேரும் சளியைக் குறிக்கும் லத்தீன் சொல்தான். சளிக்குக் கோட்டு மாட்டிவிட்டால் மியூசின். தோட்டத்து ஆப்பிரிக்க நத்தைக்கு மலாயில் 'சிப்புட் பாபி', அதாவது பன்றி நத்தை, என்று பெயர். இந்தப் பெயரையும் எந்த விளம்பரமும் துணிந்து பயன்படுத்தியதில்லை.

இலக்கியச் சான்று

சான்று இல்லாமல் தமிழில் எதையும் தடவ முடியாது. தொல்காப்பிய மரபியல் நந்தினை ஈரறிவு உயிராக வகுக்கிறது: உடம்பால் அறியும், நாவால் அறியும். நந்து என்பது நத்தைக்கும் பெயர், சங்குக்கும் பெயர். ஆகவே எது என்று தீர்மானிக்க இரண்டு நாள் கருத்தரங்கு போடலாம். உண்மையில் நத்தை இரையைத் தேடுவது பெரும்பாலும் மோப்பத்தால். அதன் கொம்புகளே மூக்கு. அப்படியானால் மூன்றாம் அறிவு விட்டுப்போனது ஆசிரியரிடமா, உரையாசிரியரிடமா? கருத்தரங்கை மூன்று நாளாக்கலாம். மதிய உணவும் துணிப்பையும் உண்டு. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966இல் கோலாலம்பூரில்தான் கூடியது என்பதால், நத்தைக்கு இந்த நாட்டில் அரங்கம் மறுக்கப்பட நியாயமே இல்லை.

அடுத்து எண். சிற்றிலக்கிய வகை தொண்ணூற்றாறு. சைவர் கணக்கில் தத்துவம் தொண்ணூற்றாறு. 2018இல் விஜய் சேதுபதியும் திரிஷாவும் ஓர் இரவு முழுவதும் பேசித் தீர்த்த படத்தின் பெயரும் '96. இத்தனைக்குப் பிறகும் கொரியர்கள் இந்த எண்ணைத் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள் என்று சொல்வோரிடம் ஆய்வாளர் வாதிட விரும்பவில்லை. நத்தைக் கோழையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வெறும் தண்ணீர், ஆகவே தொண்ணூற்றாறின் பெரும்பகுதி குழாயிலும் வருவதுதான் என்ற சிறு குறிப்பை மட்டும் அவர் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார், அழிக்க வசதியாக.

வரலாறு

ஜொகூர் வாசல்களில் ஊரும் பெரிய நத்தை உள்ளூர்க்காரர் அல்லர். சொந்த ஊர் கிழக்கு ஆப்பிரிக்கா. 1847இல் பென்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, ஓடு சேகரிக்கும் ஆர்வத்தால், மொரீஷியசிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அவை சௌரங்கித் தோட்டத்தில் விடப்பட்டன. 1900 வாக்கில் இலங்கையை அடைந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் மலாயாத் தோட்டங்களின் நாற்றங்கால்களில் குருத்து தின்று கொண்டிருந்தன. தோட்டக்காரர்கள் நூறாண்டாகச் சபித்துவரும் இந்தப் பூச்சி, ஓர் அறிஞரின் ஆராய்ச்சி ஆர்வத்தில் பிறந்தது என்பதை ஆய்வுலகம் அடக்கத்தோடு மறந்துவிட்டது.

குப்பிக்கு வழிகாட்டிய நத்தை வேறு. பெரும்பாலும் ஐரோப்பியத் தோட்ட நத்தை. 1960களில் ஸ்பெயினில் ரஃபேல் அபாத் இக்லேசியாஸ் என்ற புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சுப் பட்ட நத்தைகள் ஒருவகைச் சுரப்பை வெளியிட்டு விரைவில் தேறுவதைக் கவனித்தார். 1980களில் சிலி நாட்டில், பிரெஞ்சுக்காரர் தட்டுக்காக நத்தை வளர்த்தவர்களின் கைகள் மென்மையாக இருந்ததாம். அங்கிருந்து க்ரீம் பிறந்தது. அதன் பிறகு கொரியா, அதன் பிறகு ஸ்கூடாய்.

மருத்துவச் சான்று

இப்பகுதி சுருக்கமாக இருப்பதற்குக் காரணம், சான்றே சுருக்கமாக இருப்பதுதான். கோழையில் உள்ள மியூசின்கள் சர்க்கரைக் கிளைகள் கொண்ட நீண்ட புரதங்கள். தண்ணீரைப் பிடித்து வைக்கும். கூடவே எரிச்சல் தணிக்கும் அல்லன்டாயினும் சிறிதளவு கிளைகாலிக் அமிலமும் உண்டு. ஆகவே தோல் ஈரமாக, மெத்தென்று இருக்கும் என்பதில் தகராறு இல்லை. சுருக்கத்துக்கு? 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 25 பேர், முகத்தின் ஒரு பாதிக்கு நத்தைச் சுரப்பும் மறு பாதிக்கு வெற்று மருந்தும் சுமார் மூன்று மாதம் போட்டார்கள். நத்தைப் பக்கத்தில் கண்ணோரக் கோடுகள் ஓரளவு குறைந்தன. இருபத்தைந்து பேர் என்பது ஜொகூரில் ஒரு காதுகுத்துக்கு முதல் பந்தியில் உட்காருவோரின் தொகை. அதை வைத்து மணமேடையைக் கட்டிவிட்டது விளம்பரம்.

பயன்படுத்துவோர்: திணைப் பகுப்பு

குறிஞ்சி: லேடாங் மலையும் மலை சார்ந்த இடமும். ஆய்வாளரின் கார் ஏறவில்லை.

முல்லை: குளுவாங் செம்பனைக்காடு. பூச்சிக்குக் காசு கொடுப்பதா என்பதே இத்திணையின் உரிப்பொருள் (களத்தரவு 1: ஓர் அத்தை, வாசல்).

மருதம்: மூவார். நிதி தீர்ந்தது.

நெய்தல்: பாசிர் கூடாங்கை அடுத்த கொங் கொங் கடற்கரை. இங்குள்ள கடலுணவுக் கடைகளில் கொங்கொங் என்னும் கடல் நத்தையை அவித்து, குச்சியால் இழுத்து, சம்பலில் தொட்டுத் தின்கிறார்கள். நத்தையைக் கன்னத்தின் வெளிப்புறத்தில் வைப்பதா, உட்புறத்தில் வைப்பதா என்ற பெருவிவாதத்தில் நெய்தல் மக்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

பாலை: இதற்குத் தனி நிலமில்லை, ஆகவே பாலத்தைக் கொள்க. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர்க் கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் போய், இரவில் திரும்பி, ஹெல்மெட்டாலும் ஏர்கோனாலும் வறண்ட முகத்தோடு பிரிவுத் துயரை அனுபவிக்கும் தலைவியரே குப்பியின் உண்மையான புரவலர்கள். நத்தை விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் ஊரும் எனக் கொண்டால் அந்தப் பாலத்தைக் கடக்க 12 நாளும் 5 மணி நேரமும் ஆகும். நீண்ட விடுமுறைக்கு முந்திய மாலையில் காரில் போவோர் இந்த வேகத்தைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டார்கள் (களத்தரவு 2: ஓர் அக்கா, குடிநுழைவு வரிசை, வரிசை நகர்ந்ததால் வாக்கியம் முடியவில்லை).

நூலியல்

கட்டுரையின் உயிர் இங்கே இருக்கிறது. எசென்ஸை உள்ளங்கையில் இட்டு, மறு கையால் தொட்டு, இரண்டையும் மெல்லப் பிரித்தால் நடுவே ஓர் இழை நீளும். இந்த நூலை ஆராயாமல் விட்டது தமிழுலகின் பெரும்பிழை. இழைக்கும் ஏட்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்பதும், நன்னூல் புத்தகத்தை விளக்கப் பஞ்சையும் நூற்பையும் உவமையாக்கியதும் தற்செயல் அல்ல.

நூல் இரண்டு என்றது தொல்காப்பியம்: முதல், வழி. நன்னூல் சார்பையும் சேர்த்து மூன்றாக்கியது. குப்பியிலும் மூன்றே. பம்பை அழுத்தியதும் கைகளுக்கிடையே நிற்பது முதல் நூல். மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிவது வழி நூல். கைப்பேசித் திரையிலும் கதவுக் குமிழிலும் பிள்ளையின் பள்ளிச் சீருடையிலும் சார்ந்திருப்பது சார்பு நூல். நான்காவதாக, சந்தையில் மலிவாகக் கிடைக்கும் போலிக் குப்பியின் நூல் உண்டு. பக்கம் பக்கமாக அப்படியே எடுத்தது, எவ்வளவு இழுத்தாலும் ஓரிடத்தில் அறுந்துவிடும். இவ்வகை நூலுக்குப் பட்டம் வழங்கப்பட்ட செய்திகள் ஆய்வாளர் காதிலும் விழுந்ததுண்டு. அவர் நத்தையைப் பற்றித்தான் பேசுகிறார்.

நூல் ஏன் நீள்கிறது? நீண்ட மியூசின் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால். நத்தைக்கு இது அழகுப் பொருள் அன்று, சாலை. தானே போட்டு, தானே ஊர்ந்து, அப்படியே விட்டுப்போகும் சாலை. மார்க் டென்னி என்ற உயிரியலாளர் 1980இல் வெளியிட்ட அளவீட்டின்படி, இப்படி ஊர்வதற்கு ஆகும் செலவில் பெரும்பங்கு கோழை தயாரிப்பதற்கே போய்விடுகிறது. சம்பளம் முழுவதையும் டோல் சாவடியில் கொட்டும் ஜொகூர்க் குடிமகனுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி எச்சவியல். நத்தை விட்டுச் சென்ற எச்சம் பெயரெச்சமா, வினையெச்சமா? 'ஊர்ந்து' என்பதால் வினையெச்சம் என்பர் வாசல் பள்ளியினர். நத்தை போய்விட்டது, வினை மட்டும் தரையில் மின்னுகிறது. குப்பிப் பள்ளியினர் மறுப்பர்: வினை கொரியாவில் முடிந்துவிட்டது, இங்கு எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே, அதுவும் பிராண்டுப் பெயர், ஆகவே பெயரெச்சம். இருண்ட அமைதியான அறையில், வலைமீது நத்தைகளை உலவவிட்டு, அவை போன பிறகு கோழையைச் சேர்ப்பதாக நிறுவனம் சொல்வதால், எச்சத்துக்கு முன்னால் ஓர் இருட்டறை இருக்கிறது என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன. விடியலில் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்கும் பெண்களிடம் இருட்டும் அமைதியும் உள்ள அந்தப் பணியிடத்தைப் பற்றிச் சொன்னபோது, ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார்கள் (களத்தரவு 3: பேருந்து, முன்னிருக்கை, அதற்குப் பின்னிருக்கையின் பாடபேதம், பாடபேதத்துக்கு ஓட்டுநரின் உரை, உரையை மறுத்து முன்னிருக்கை எழுப்பிய தடை, தடைக்கு விடை சொல்லும் பகுதி, பேருந்து மேட்டில் குதித்ததால் ஏட்டில் சிதைந்துள்ளது, சிதைவை நிரப்பி ஒரு மாமி பாடியதாகக் கருதப்படும் இடைச்செருகல், காலம் காலை ஆறு ஐந்து).

பயன்படு முறை

முகம் கழுவி, ஈரம் முழுதும் உலருமுன் இரண்டு மூன்று சொட்டு. ஜொகூரின் புழுக்கத்தில் அதற்கு மேல் போட்டால் வழி நூலே மிஞ்சும். மேலே ஈரம் காக்கும் க்ரீம். பகலில் அவசியம் வெயில் தடுப்புக் களிம்பு. அதைப் போடாமல் நத்தையை மட்டும் நம்புவது, கூரையை மறந்துவிட்டு வாளிக்குப் பூ வரைவது.

முதல் நாளே முகத்துக்குக் கொண்டுபோகாமல் முழங்கை உட்புறத்தில் தடவி ஓரிரு நாள் பார்ப்பது நல்லது. வீட்டுத் தூசிச் சிற்றுண்ணிக்குத் தும்மும் உடம்பு நத்தையைத் தின்றாலும் முரண்டு பிடிப்பதுண்டு. இரண்டும் ஏதோ தூரத்து உறவு போல நோயெதிர்ப்பு அமைப்புக்குத் தெரிகிறது. அப்படிப்பட்டவர்கள் குப்பியிடமும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

வாசல் நத்தையைப் பிடித்து நேரே கன்னத்தில் ஊரவிடும் சிக்கன யோசனையும் களத்தில் எழுந்தது (களத்தரவு 4: ஒரு மாமா, அவர் மனைவி உடனடியாகத் திரும்பப் பெற்றார்). எலி நுரையீரல் புழு என்னும் ஒட்டுண்ணி இந்த நத்தைகளில் குடியிருக்கும். உடம்புக்குள் போனால் மூளையுறை அழற்சி வரை கொண்டுபோகும். அந்த நத்தைக்குக் கையுறை போதும், உறவு வேண்டாம்.

மலேசியாவில் அழகுசாதனப் பொருள் விற்பனைக்கு வருமுன் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனமான என்பிஆர்ஏவிடம் அறிவிக்கப்பட வேண்டும். அறிவிப்பு எண் 'நாட்' என்ற மூன்று ஆங்கில எழுத்தில் தொடங்கும். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின் கலந்து பிடிபட்ட க்ரீம்களின் அறிவிப்பை அந்நிறுவனம் அவ்வப்போது ரத்து செய்கிறது. பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்குக் கிடைத்து, மூன்றே நாளில் முகத்தை வெளுக்கும் குப்பியில் நத்தையின் படம் இருந்தால், நத்தைக்கு அதில் பங்கில்லை என்று கொள்க.

ஆய்வின் எல்லைகள்

டிசம்பர் மழை இரவொன்றில் ஆய்வாளர் ஏட்டின் படியை வாசல் மேசையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். காலையில் பார்த்தால், திணைப் பகுப்பு முழுவதன் குறுக்கே ஒரு வெள்ளிக் கோடு. மூவாரில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, அடிக்குறிப்புகளைத் தொட்டு, பக்கத்தின் ஓரத்தில் இறங்கியிருந்தது. மறுபடி அச்செடுக்க நேரமில்லை. அப்படியே சமர்ப்பித்தார். மேற்பார்வையாளர் அந்தக் கோட்டைத் தாமே முன்பு போட்ட திருத்தம் என்று எண்ணி, பக்கத்தில் கையெழுத்திட்டு, 'நூலியல் இன்னும் நீளலாம்' என்று எழுதித் தந்தார்.