எறும்பும் எண்ணூர் சாலையும்

கேள்வி: எங்கள் வீட்டுச் சர்க்கரை டப்பாவுக்கு எறும்புகள் குறுக்குவழி கண்டுபிடித்துவிடுகின்றன, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளோ எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கின்றன. லாரிகளை எறும்பிடம் பாடம் படிக்க அனுப்பலாமா? (வாசகர், இராயபுரம்)

பதில்: தாராளமாக அனுப்பலாம், ஆனால் எறும்புக்கு வாயிலில் கேட் பாஸ் காட்டும் நிர்ப்பந்தம் கிடையாதே!

பெல்ஜியத்து விஞ்ஞானி தெனுபூரும் அவருடைய சகாக்களும், 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சிக்காக, அர்ஜென்டினா எறும்புகளின் கூட்டுக்கும் ஆகாரத்துக்கும் இடையே நெடியதும் குறியதுமான இரு பாலங்களை அமைத்துப் பார்த்தபோது, குறியதில் சென்றவை சீக்கிரம் திரும்ப, அதனாலேயே அங்கு அவை விட்டுச்செல்லும் வாசனைத் திரவம் விரைவில் திரள, அவ்வாசனையே மற்றவற்றையும் ஆகர்ஷிக்க, தலைவனோ கட்டளையோ இன்றிக் கூட்டத்தின் பெரும்பகுதி அவ்வழியே திரும்பிற்று. இத்தகைய நடத்தையைக் கணிதமாக்கி, வாசனை ஆவியாகி மறைவதையும் கணக்கில் சேர்த்து, பல ஊர்களைச் சுற்றிவரக் குறைந்த தூரம் தேடும் கணினி முறையை, மார்கோ டோரிகோ என்னும் இத்தாலியர் 1992-இல் தம் டாக்டர் பட்ட ஆராய்ச்சியாகச் சமர்ப்பித்தார்.

ஆயினும் எறும்பை அளவுக்கு மீறிப் புகழ வேண்டாம்: நெடிய பாலத்தை முதலில் பழக்கிவிட்டுக் குறியதைப் பிற்பாடு வைத்தபோது, பெரும்பாலான எறும்புகள் பழைய வழியை விடவேயில்லை.