கெட்டியா இருக்குமா?

அண்ணாச்சி கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்க மாட்டார். கம்பெனிப் பேரும் பார்க்க மாட்டார். வலது கை நடுவிரலை மடக்கி, முட்டியால் மெஷின் மேல் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டுத் தட்டுவார். தலையை லேசாகச் சாய்த்துக் கேட்பார். மண்பானை வாங்க வந்தவர் போல ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "தகரம்" என்று தீர்ப்புச் சொல்வார்.

"அண்ணாச்சி, நீங்க தட்டுனது பிளாஸ்டிக் மூடி. எஞ்சின் உள்ள இருக்கு."

"அப்ப மூடியக் கழட்டு தம்பி."

கழற்றுவான். இப்படிச் சிவகாசியில் ஆரம்பித்து விருதுநகர், மதுரை, கோயம்புத்தூர் என்று மூடி கழற்றிய பையன்கள் பலருக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகின்றன. அண்ணாச்சி இன்னும் புல் வெட்டுகிற மெஷின் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்கு மெஷின் தேவையில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாரணாபுரத்துப் பக்கம் பட்டாசு ஆலை வைத்திருக்கிறார். பட்டாசு ஆலை என்றால் ஒரே கூரைக்கு அடியில் நடக்கிற சமாசாரம் அல்ல. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே இடம் விட வேண்டும். அறைக்கு 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ஆகவே கட்டடம் கொஞ்சம், காலி நிலம் ஏக்கர் கணக்கில். ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்ததும் அந்தக் கரிசலில் கோரையும் அருகும் சீமைக்கருவேலங்கன்றும் போட்டி போட்டு எழும்பும். தை பிறந்தால் காயத் தொடங்கும். பங்குனியில் வேலை மும்முரமாக ஓடும்போது பொட்டுத் தீக்குக் காத்திருக்கிற சருகாகிவிடும். வெடிமருந்து அறையைச் சுற்றிக் காய்ந்த புல் இருக்கக் கூடாது என்பது லைசென்ஸ் கண்டிஷன். கண்டிஷனே இல்லாவிட்டாலும் இந்த ஊரில் அது குழந்தைக்கும் தெரியும்.

அண்ணாச்சிக்கு மற்ற குணங்களும் உண்டு. கடையில் கொடுக்கிற டீயை வேண்டாம் என்று சொன்னதில்லை. வாங்கிய விலைப்பட்டியலைத் தூரப் போட்டதுமில்லை, ஒரு பீரோ நிறைய வைத்திருக்கிறார். தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற பிரஷ் கட்டருக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் உண்டாமே என்று அங்கேயும் ஒரு நடை போனார். அது விவசாயிக்கு என்றார்கள். "எங்க தாத்தா எள்ளு விதைச்சவருய்யா" என்று வாதாடிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இதெல்லாம் எல்லோரிடமும் உள்ளதுதான். தட்டுவது ஒன்றுதான் அவருக்கே உரியது.

தட்டாத பொருள் இல்லை. மதுரையில் மகளுக்கு பிளாட் பார்க்கப் போனவர் சுவரைத் தட்ட, அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து "யாரு?" என்று கேட்டார். சம்பந்தி வீட்டில் சீர்வரிசைப் பாத்திரங்களைப் பரப்பியிருந்தபோது, அத்தனை பேர் பார்க்க ஒவ்வொரு குடமாகத் தட்டிக்கொண்டே போனார். மதினி கண்ணால் எரித்தும் அடங்கவில்லை. மச்சினன் வாங்கிய புதுக் காரின் பானட்டைத் தட்டி அலாரம் அலற வைத்தார். ஏடிஎம்மைத் தட்டியபோது காவலாளி எழுந்து வந்தார்.

காகிதமானால் தட்ட மாட்டார், தடவுவார். சிவகாசி ரத்தம். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால் மணமக்கள் பேரைப் படிக்குமுன்பே, "முந்நூறு ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு. செலவு பண்ணிருக்கான்" என்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய் டாலஸில் இருக்கிற தங்கச்சி மகன் ஒரு வீடியோவை அனுப்பிவைத்தான். ஜீரோ டர்ன் மோவர். ஸ்டியரிங் கிடையாது, இரண்டு கைப்பிடி. பின்சக்கரம் இரண்டும் தனித்தனியாக ஓடும். ஒரு கைப்பிடியை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். 1960-களில் கான்சாஸ் பக்கத்தில் கண்டுபிடித்தது. இன்று அமெரிக்காவில் புல்வெளியைப் பிழைப்பாக வைத்திருக்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அண்ணாச்சி வீடியோவைக் கண் கொட்டாமல் பார்த்தார். பழக்க தோஷத்தில் போனைத் தட்டினார். வீடியோ நின்றுவிட்டது.

அதன்பின் நடந்ததற்கு டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் சாட்சி. மருமகனுக்குப் போன் போட்டு, "மாப்ளே, நீ கடைக்குப் போயி அந்த அடித்தகரத்தைத் தட்டி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு" என்றார். சாப்ட்வேர் வேலை பார்க்கிற அந்தப் பிள்ளை சனிக்கிழமை கடைக்குப் போய், வரிசையாக நின்ற வண்டிகளின் அடியில் கையை விட்டுத் தட்டி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிந்து அனுப்பினான். அண்ணாச்சி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு அவற்றை ஓடவிட்டார். "இது தகரம். இதுவும் தகரம். இந்தா கேளுங்க, இதுதான் இரும்பு."

ஆச்சரியம் என்னவென்றால் அவர் சொன்னது சரி. பிளேடை மூடியிருக்கிற அந்தக் கவசத்தை டெக் என்பார்கள். மலிவு வண்டிகளில் அது ஒற்றைத் தகட்டை அழுத்தி வளைத்தது. உழைக்கிற வண்டிகளில் தடித்த தகடுகளை வெட்டி வெல்டிங் வைத்தது, 7 கேஜ், 10 கேஜ் என்று சொல்வார்கள். 7 கேஜ் என்றால் நாலரை மில்லிமீட்டர். இதை விளக்கப்போய் நான் மாட்டிக்கொண்டேன். "நம்பர் கூடக்கூடத் தடிமன் கொறையுமா? ஜிஎஸ்எம் மாதிரி இல்லையா? என்னய்யா தலைகீழா இருக்கு!" என்று ஒரு மத்தியானம் முழுக்க அமெரிக்காக்காரனைத் திட்டினார், என் முகத்தைப் பார்த்து. சக்கரத்தை ஓட்டுகிற ஹைட்ராலிக் பெட்டியில் சீல் வைத்து மூடியது ஒரு ரகம், திறந்து ஆயில் மாற்றக்கூடியது ஒரு ரகம் என்பதும், கரடுமுரடான நிலத்துக்கு இரண்டாவதுதான் தாங்கும் என்பதும், எனக்கு எந்தக் காலத்திலும் உதவாத இந்த ஞானமெல்லாம், அவருக்காக விலைப்பட்டியல் படித்துச் சொன்ன வகையில் என் தலையில் ஏறியவை.

நல்ல வண்டி ஒன்று 10,000 டாலரைத் தாண்டும் என்று கேட்ட பிறகும் அவர் முகம் மாறவில்லை. வாங்கப் போகிறவருக்கல்லவா விலை கவலை?

ஆனாலும் ஒரு விஷயத்தில் அந்த மனுஷரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். மதுரைக் கடையில் பிரஷ் கட்டர் காட்டியவனிடம், "ஏப்பா, பிளேடு கல்லுல பட்டாப் பொறி பறக்குமா?" என்று கேட்டார். இத்தனை காலம் விற்றவனுக்குப் பதில் தெரியவில்லை. பறக்கும். இரும்பு பிளேடு, ஓடைக்கல், பத்தடி தள்ளி மருந்து அறை. இரும்புச் சாமான் வேண்டாம், பித்தளையும் மரமும்தான் என்று வேலை பழகிய தலைமுறைக்காரர் அவர். நைலான் கயிறு போட்டால் பொறி வராதே என்று பையன் சமாளித்தான். "சைலன்சர் சூடு? அதுல காஞ்ச புல்லு ஒட்டுனா?" என்று அடுத்ததைப் போட்டார். ஜீரோ டர்னுக்கும் அதே கண்டம்தான். அதன் பிளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் சுற்றும். கல் சிக்கினால் எந்த அறைக் கதவுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. போதாததற்கு முன்பக்கம் இருப்பவை தானாகத் திரும்பும் சின்னச் சக்கரங்கள், கரிசல் வெடிப்பில் இறங்கினால் எழுந்து வராது. சமமான புல்தரைக்குப் பிறந்த வண்டி அது. இதையெல்லாம் ஒரு கடைக்காரரும் எடுத்துச் சொல்லவில்லை. அண்ணாச்சி தானாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தெரிந்துகொண்டு என்ன செய்தார்? அடுத்த கடைக்குப் போனார்.

இவர் தட்டி முடிக்கிற வரைக்கும் புல் காத்திருக்குமா? வருஷா வருஷம் அதை வெட்டுவது ஊர்ப் பெண்கள். மாசி வெயிலில் குனிந்த இடுப்பு நிமிராமல், கையில் அரிவாளோடு, புதருக்குள் விரியன் கிடக்கிறதா என்று கம்பால் தட்டிக்கொண்டே. மூன்று பேர் இடுப்பு வலியால் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும் என்று ஐந்து ஊரில் விசாரிக்கிற மனுஷர் இந்த இடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்ததில்லை. கூலியில் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டால் மட்டும் யோசனை, ஆராய்ச்சி எதுவும் கிடையாது. அந்த நொடியே முடிவு சொல்லிவிடுவார். சருகு அறை வாசல் வரைக்கும் வந்துவிட்டது என்று போர்மேன் கத்தினாலும், "இந்தா, மெஷின் பாத்துக்கிட்டேதான இருக்கேன்" என்பார். தீ பற்றினால் அதனிடமும் இதையே சொல்வாரோ என்னவோ. எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

போன ஆவணியில் ஒருநாள் லாரியில் சாமான் வந்து இறங்கியது. ஊரே திரண்டது. வந்தது மெஷின் அல்ல. மெஷினை நிறுத்த ஷெட் போடுவதற்கான சாமான். "பொருளு வர்றதுக்கு முன்னாடி அதுக்கு எடம் வேணாமா? மழையில நனைஞ்சாத் துருப் புடிக்கும்ல?" அப்ரூவல் வாங்கிய பிளானில் இல்லாத கட்டடத்தை ஆலைக்குள் எழுப்பக் கூடாது என்று போர்மேன் தடுத்ததால், வேலிக்கு வெளியே, வேப்பமரத்துக்குப் பக்கத்தில் போட்டார்கள். நல்ல கனமான ஷீட். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் ஏற்றவிட்டார்.

இப்போது அந்த ஷெட்டில் அரிவாளும் தூக்குவாளியும் தொங்குகின்றன. மத்தியானச் சாப்பாடு, சாப்பாட்டுக்கு மேல் அரை மணி கண்ணசரல், எல்லாம் அங்கேதான். நல்ல காற்று வருகிறதாம். மெஷின் வந்தால் எடத்தைக் காலி பண்ண வேண்டுமே என்று சின்னப் பெண் ஒருத்தி கவலைப்பட்டிருக்கிறாள். மூத்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாளாம்:

"ஒம் பேரனுக்கு இங்கனதாண்டி தொட்டில் கட்டப் போறோம். சாப்புடு."