இருசக்கரத் திணையியல்: பூந்தமல்லி வழக்கு

பூந்தமல்லியில் கடலும் இல்லை, மலையும் இல்லை. ஆயினும் சனிக்கிழமை புறப்பட்டு ஏலகிரி ஏறி, ஞாயிறன்று கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் திரும்பும் பைக் கூட்டம் ஐந்திணைக்கு உட்பட்டே ஒழுகுகிறது.

முதலில் மருதம். நிலம், செம்பரம்பாக்கம் ஏரிக்கரை, பொழுது, வைகறை, உரிப்பொருள், ஊடல். "அஞ்சு மணிக்குக் கிளம்பறோம் மச்சான்" என்பது வெள்ளிக்கிழமை வாக்கு. ஐந்து மணிக்குக் குமணன்சாவடி டீக்கடையில் நிற்பவர் ஒருவரே. மற்றவர்கள் வீட்டில் ஊடல் தணித்துக்கொண்டிருப்பர். பழைய பாடல்களில் ஊடலுக்குக் காரணமான பரத்தையின் இடத்தை, திருவொற்றியூரைப் பூர்விகமாகக் கொண்ட புல்லட் எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் பாலை. பெங்களூரு நெடுஞ்சாலையில் உச்சிவெயில். வேலூர்ப் பக்கம் பாலாறு என்ற பெயரில் மணல். உரிப்பொருளான பிரிதல் இங்கே வேகத்தால் நிகழ்கிறது: ஒருவர் அறுபதில் போவார், இன்னொருவர் நூறில். ஆறலை கள்வரின் மரபைச் சுங்கச்சாவடி காக்கிறது. இருசக்கரத்துக்குக் கட்டணமில்லை என்பதால், இடப்பக்கச் சந்தில் நுழைபவர் காரில் இருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது மரபு. கருப்பொருள்களில் உணா, சீரகச் சம்பாவில் ஆன ஆம்பூர் பிரியாணி, மா, நடுச்சாலையில் படுத்த மாடு, பறை, சைலன்சர்.

குறிஞ்சி ஏலகிரியில் தொடங்குகிறது. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள். முல்லைக்குத் தேரையே கொடுத்த பாரியின் பெயர்ப்பலகை அருகிலும் எதிரே வரும் பஸ்ஸுக்கு யாரும் வழி கொடுப்பதில்லை. குறிஞ்சிக்குரிய புணர்தல் என்பது நெடுஞ்சாலையில் பிரிந்தவர்கள் ஒன்றுசேர்வதையே குறிக்கும். ஓர் அறையில் ஆறு பேர் தங்குவதால் வேறு உரைக்கு இடமில்லை.

மறுநாள் சிங்காரப்பேட்டைக்கும் செங்கத்துக்கும் இடையிலான காட்டோரம் முல்லை. இருத்தல், அதாவது பஞ்சர் ஒட்டும்வரை காத்திருத்தல். மாலைக்குரியது முற்பகலில் நிகழ்வதைத் திணைமயக்கம் எனக் கொள்ளலாம். தொல்காப்பியம் அதைத் தடுக்கவில்லை.

திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் கடந்தால் மரக்காணம் உப்பளம்: நெய்தல். பொழுது சாயும் எற்பாடு. அலையைப் பார்த்து அனைவரும் ஒருசேர இரங்குவர். தலைவன் பொருட்டு எழும் இரக்கமன்று இது. திங்கட்கிழமை ஒரகடத்தில் முதல் ஷிப்ட்.