வலியே தெரியாத விளம்பரப் பிரிவுக்கு

பெறுநர்: ‘வலியின்றி ஒரே நாளில் புதுப்பல்’ என்று பேனர் கட்டும் பல் கிளினிக்குகளின் விளம்பரப் பிரிவு.
பொருள்: மூன்றாம் நாள் கன்னம் தொடர்பாக.

ஐயா / அம்மா,

தங்கள் பேனரில் சிரிக்கும் ஜோடியை நம்பிவந்து கடைவாயில் இம்பிளான்ட் வைத்துக்கொண்ட மேற்படியாரின் நிலைமை, தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.

வலியில்லை என்று தாங்கள் சொன்னது சத்தியம். நாற்காலியில் சாய்ந்திருந்தவரை மேற்படியாருக்கு ஒன்றுமே தெரியவில்லை. மரத்துப்போகும் ஊசியின் வீரியம் சில மணி நேரத்தில் இறங்கிவிடும், இறங்கும் முன்பே முதல் வலி மாத்திரையை விழுங்கிவிட வேண்டும் என்பதற்கெல்லாம் பேனரில் இடம் பற்றாமல் போயிருக்கலாம். மாதத் தவணைக்கு இடம் கிடைத்ததே பெரிய விஷயம்.

கையில் திணித்த ஆங்கிலச் சீட்டில் துப்பாதே, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதே, புகைக்காதே என்று கட்டளைகள் மட்டும் இருந்தன. காயத்தை மூடிக் காக்கும் ரத்தக்கட்டி அந்த இழுப்பில் பெயர்ந்துவிடும் என்ற காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே மேற்படியார் ராத்திரி முழுக்க வாஷ்பேசினில் காறித் துப்பினார். ஒரு சொட்டு ரத்தம், ஒரு வாய் எச்சில். பார்ப்பதற்கு வெட்டுக்குத்து நடந்த இடம்.

முதல் நாள் துண்டில் சுற்றிய ஐஸை 20 நிமிடம் வைத்து, 20 நிமிடம் எடுக்க வேண்டும். எப்படி வைத்தாலும் வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்குப் போய், பிறகு வற்றும். இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால், மூன்றாம் நாள் காலை கண்ணாடியில் வேறு யாரோ நிற்பதைப் பார்த்து மேற்படியார் அலறியிருக்க மாட்டார். போனை எடுத்த பெண், “அது நார்மல்தான் சார்” என்றார். எது நார்மல் இல்லை என்று கேட்டதற்கு, தவணைப் பிரிவுக்கு லைன் கொடுத்தார்.

தாங்கள் விட்ட இடத்தில் சொந்தபந்தங்கள் புகுந்தார்கள். பெரியப்பா கிராம்பை நசுக்கித் தையல் மேலேயே வைக்கச் சொன்னார். மாடி வீட்டு மாமி, தனக்கு மிச்சமான ஆன்டிபயாடிக்கில் நாலு கொடுத்தனுப்பினார். மருந்துக்கடைக்காரர் ‘ஸ்ட்ராங்கா’ ஒன்று இருப்பதாகக் கண்ணடித்தார். பல் அறுவைக்குப் பிந்தைய வலிக்கு முதலில் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரையைத் தனியாகவோ பாராசிட்டமாலுடன் சேர்த்தோ கொடுக்க வேண்டும், ஓபியாய்டு போன்ற ‘ஸ்ட்ராங்’ மாத்திரைகள் பக்கம் அவசரப்பட்டுப் போகக் கூடாது என்கிறது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம். (வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரோஃபெனைத் தொடக் கூடாது. இதையும் மாமிதான் சொன்னார். அவரைக் குறை சொல்வதற்கில்லை.)

‘ஒரே நாள்’ விஷயத்துக்கு வருவோம். ஸ்வீடனின் பேர்-இங்வார் பிரோனமார்க், 1965-ல் யோஸ்டா லார்சன் என்ற நோயாளியின் தாடையில் இம்பிளான்ட்டாக டைட்டானியம் திருகுகளை வைத்தார். எலும்பு அவற்றைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்த பிறகே பல் பொருத்தினார். லார்சன் 2006-ல் இறக்கும்வரை அவை உழைத்தன. இன்றும் எலும்பு பிடிக்கப் பெரும்பாலும் 3 முதல் 6 மாதம் ஆகிறது. தாடை வாகாக இருந்தால் அன்றே தற்காலிகப் பல் கட்டுவதுண்டு; அதற்காக அன்றே முறுக்கைக் கடித்துவிட முடியாது. எலும்புக்குத் தங்கள் பேனரைப் படிக்கத் தெரியாது.

எனவே அடுத்த பேனரில் சிரிக்கும் ஜோடியைச் சற்றே ஒதுக்கிவிட்டுத் தமிழில் இதை அச்சிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது: மூன்று நாள் கழிந்தும் வலி ஏறிக்கொண்டே போனால், காய்ச்சலோ சீழோ கண்டால், பஞ்சை அழுத்திக் கடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், மறுநாளும் உதடு மரத்தே கிடந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது? ராத்திரி 11 மணிக்கு அதை எடுப்பது யார்?

இப்படிக்கு,
ஆறிய கஞ்சியோடு காலம் தள்ளும் மேற்படியாருக்காக.

நகல்: பெரியப்பா (கிராம்பு இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது).